காசிம் நானாவின் காலிக் கிளிப்

காசிம் நானா நேற்று மௌத்தாகிவிட்டார்.

விடியற்காலையில் அடுப்பை மூட்டியவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்... பால் பொங்கி வழிந்த பிறகுதான் பக்கத்துக் கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

பின்னேரமே ஜனாஸாவை அக்குறணைக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். அப்பா போய் வந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடை வாசலில் நின்றேன். வாசல் என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது இப்போது கிராமபோன் கடையின் வாசல்.

இந்த வாசிகசாலைப் பலகையில் நம் தலைவர் ஐயா ஓர் அனுதாப நோட்டீஸ் குத்தியிருக்கிறார். அதன் பக்கத்திலேயே இதைத் தொங்கவிடுகிறேன். வேண்டுமென்றேதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நானா மஹய்யாவையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். வாசிக்கத் தெரியாது. ஆனால் பேப்பர் என்றால் உயிர்.

கடைக்குள் ஒரு கயிறு. கொழும்புப் பேப்பர், மதராஸ் தமிழ்ப் பேப்பர், லண்டன் வாரப் பேப்பர்... துணி காயப்போடுவதுபோல் மரக் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார். ஒரே செய்தியை மூன்றிலும் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன் எந்தத் தாளிலும் வடை சுற்ற விடமாட்டார்.

லண்டன் பேப்பர் கப்பலில் வந்து, வெள்ளைக்காரர் கிளப்பில் எல்லோரும் வாசித்துப் போட்ட பிறகு, அங்கே சமையல் செய்பவர் கையால் நானாவிடம் வரும். மற்ற இரண்டும் அதுவரை காத்திருக்கும். அதனால் ஊரெல்லாம் முடிந்துபோன விஷயம் எங்கள் கடையில் வாரக்கணக்காக நடந்துகொண்டிருக்கும்.

ஸ்டேஷனில் வேலை செய்யும் கந்தையா அண்ணைக்கு இதில் பொறுமையே இல்லை.

"நானா, அந்த அபிசீனியாச் சமாதானத் திட்டம் செத்துப் போச்சு. கொழும்புப் பேப்பரில எப்பவோ வந்திட்டுது."

"ஒங்கட கொழும்புல செத்திருக்கும் கந்தையர். லண்டன் கப்பல் இன்னம் வரல்ல. எண்ட கடையில அது உசிரோட ஈக்கி."

"ஓம் ஓம்... நீர் தேத்தண்ணியையாவது இண்டைக்குத் தாரும்!"

சனிக்கிழமைகளில் அப்பாவோடு போவேன். இங்கிலீஷ் பேப்பரை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. அபிசீனியாவில் பெரும்பகுதியை இத்தாலிக்குக் கொடுத்துச் சண்டையை நிறுத்தலாம் என்று பிரிட்டனும் பிரான்சும் பேசிய செய்தியையும் நான்தான் வாசித்தேன்.

"லண்டன்காரன் என்ன சொல்றான் புள்ள?"

"யோசனைன்னு போட்டிருக்கான் நானா."

"மதராஸ்?"

"அடுத்தவன் நாட்டப் பங்கு போடுறாங்கன்னு."

"இத்தாலிக்காரன்?"

லண்டன் பேப்பரின் மூலையில் ரோமாபுரிச் செய்தி கொஞ்சம் இருந்தது. "இத்தாலிதான் விட்டுக்கொடுக்குதாம் நானா."

கடையே சிரித்தது. நானா சிரிக்கவில்லை. "அபிசீனியாக்காரன்ட பேப்பர் எங்க?"

அது இங்கே வருவதில்லை என்றேன். அன்று அவர் கயிற்றில் நாலாவதாக ஒரு கிளிப்பை மாட்டினார். வெறும் கிளிப். வந்தால் இடம் வேண்டுமே என்றார்.

பிறகு இங்கேயும் ஒரு சமாதானப் பேச்சு நடந்தது. இதே வாசிகசாலையில்.

நானாவின் கடை இருக்கும் கட்டடம் தலைவர் ஐயாவுடையது. அவர் மருமகனுக்குக் கிராமபோன் கடை போடத் தெருவைப் பார்த்த இடம் தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்து, அரசாங்கத்துக்கு விரோதமாகப் பேப்பர் வாசிக்கிற கடை என்று பொலிசுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். யார் என்று ஊருக்கே தெரியும். பொலிசை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவரும் அவரேதான்.

தலைவருக்குக் கதிரை. மருமகனுக்குக் கதிரை. சாட்சிக்கு வந்த அப்பாவுக்குக்கூடக் கதிரை. நானா நின்றார். நான் புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தேன். எல்லாம் கேட்டேன்.

"முன்பக்கத்த விட்டுடுங்க நானா. பின்பக்கம் ஒங்களுக்கேதான். எல்லாருக்கும் நிம்மதி."

"பின்னுக்கு ஊத்தத் தண்ணிக் கான் தானே ஐயா ஓடுது. சனம் எப்பிடி வரும்?"

"சமாதானம்னா ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கணும்."

"நீங்க என்னத்த விட்டுக்கொடுக்கிறீங்க?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "என் கோபத்த."

தலைவர் சொந்தமாக ஒரு பத்திரிகை நடத்துகிறார். அதன் அடுத்த இதழில் வந்தது: இரு தரப்பாரும் மனமொத்து, சுமுகமான முடிவு.

அந்தத் தாளையும் நானா பின்பக்கத்துக்கு மாற்றிய கடையில் கயிற்றில் மாட்டினார். கான் நாற்றத்துக்கு நடுவில் நின்று வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி... எண்ட பேப்பர் எங்க புள்ள?" என்றார். சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

அதற்குப் பிறகு தெருவில் போகிற யாரும் உள்ளே வரவில்லை. கந்தையா அண்ணையும் அப்பாவும் நானும்தான்... ஒரு பானைப் பாலுக்கு மூன்று பேர்.

இப்போது அனுதாப நோட்டீஸைப் பாருங்கள். சமாதானம் விரும்பி, தம் இடத்தையே மனமுவந்து அளித்த உத்தமராம்! இன்று மாலை அனுதாபக் கூட்டத்தில் தலைவர் இதையே பேசப்போகிறார். பேசட்டும். முன்வரிசையில் நான் இருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும்.

செத்த வீட்டில் பகை வேண்டாம் என்கிறார் அப்பா. எனக்கு வேண்டும். அந்தக் கிராமபோன் கடையில் ஓர் ஊசிகூட யாரும் வாங்காதீர்கள். பாட்டே இல்லாமல் அது பூட்டிக் கிடப்பதை நான் பார்க்க வேண்டும்.

நானாவின் கயிற்றையும் கிளிப்புகளையும் கேட்டு வாங்கி வந்து இந்தப் பலகையில் கட்டியிருக்கிறேன். முதலில் தலைவரின் பத்திரிகை. அடுத்து தலைவரின் நோட்டீஸ். காலிக் கிளிப்பில் இது.

எல்லாவற்றையும் வாசித்து முடிக்கும்வரை யாரும் வடை சுற்ற எடுக்கக்கூடாது.

உங்கள் பேப்பர் வந்துவிட்டது நானா. போய் வாருங்கள்.