ஏழு பேர் போக வேண்டிய மலை

இரண்டு வருடங்களுக்கு முன், யாங்கோனில் மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்திருந்த சமயம். எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை பாடும் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து தாய்லாந்துக்குப் போவதென்று முடிவானது. சியாங் மாய்க்குப் பக்கத்தில் டோய் இந்தனோன் என்று ஒரு மலை. மலை முழுக்கத் தேசியப் பூங்கா. ஏற்பாடெல்லாம் என் தலையில் விழுந்தது. பகல் முழுக்க மருந்துக் கடையில் நின்றுவிட்டு வந்து, கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து டிக்கெட், தங்குமிடம், வேன் என்று தேடுவேன். ஒருத்திக்கு ஜன்னல் சீட் வேண்டும், ஒருத்திக்குச் சைவச் சாப்பாடு, இன்னொருத்திக்கு முட்டிவலி, படி ஏற முடியாது. மலைக்குப் போகிறவளுக்குப் படி ஏற முடியாதாம். எனக்கு மலையும் வேண்டாம், மேகமும் வேண்டாம், இரண்டு நாள் படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

ஆனாலும் விட முடியவில்லை. காரணம், எங்களில் ஒருத்தி. யாங்கோனிலேயே அலோன் பகுதியில் தையல் வேலை செய்பவள், எனக்குப் பதினெட்டு வருடத் தோழி. அவளுடைய ஒரே மகன் அந்த மலையடிவாரத்தில் ஒரு பூந்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறான். அவனை அவள் பார்த்து அப்போதே நான்கு வருடம் ஆகியிருந்தது. இங்கே வந்தால் அந்த வயதுப் பையன்களைக் கட்டாய ராணுவத்துக்குப் பிடித்துக்கொள்வார்கள், திரும்பிப் போவது நடக்காத காரியம். அங்கேயும் அவன் கையிலிருக்கும் வேலை அனுமதிக் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த வட்டாரத்தைத் தாண்ட முடியாது. கடற்கரைக்குப் போகலாம் என்றவர்களையெல்லாம் சமாதானப்படுத்தி மலை என்று நான் பிடிவாதம் பிடித்தது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அவனுக்கு லீவு. பூங்கா வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தான்.

இங்கே எங்கள் ஆட்களில் பலருக்கு இரண்டு பெயர். கோயிலிலும் வீட்டிலும் கூப்பிடுவது தமிழ்ப் பெயர்; பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் இருப்பது பர்மியப் பெயர். இது தெரிந்துதான் மற்றவர்களின் பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பெயரைச் சரிபார்த்து டிக்கெட் போட்டேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. கரண்ட் போகப் போகிறது, கண் எரிகிறது, பதினெட்டு வருடமாகக் கூப்பிடுகிற பெயர்தானே என்று அதையே டிக்கெட்டில் தட்டிவிட்டேன். அவளுக்கு இன்னொரு பெயர் இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை விமான நிலையத்தில், கவுன்டரில் இருந்த பெண் அவளுடைய பாஸ்போர்ட்டையும் என் போனிலிருந்த டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாஸ்போர்ட்டிலிருந்த பெயரை, முன்னால் 'டோ' சேர்த்து மரியாதையாகத்தான் வாசித்தாள். நான் அதுவரை கேட்டேயிராத பெயர். என் தோழி, ஆமாம், அது நான்தான் என்று தலையாட்டினாள். ஒன்றிரண்டு எழுத்து மாறியிருந்தால் திருத்தலாம், ஆளே வேறு என்கிற மாதிரி இருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள் அந்தப் பெண். புது டிக்கெட் போடலாம் என்றால் அந்த விமானத்தில் இடமில்லை. அடுத்தது செவ்வாய்க்கிழமை. அதற்குள் மகனின் லீவு முடிந்துவிடும். கெஞ்சிப் பார்த்தேன், மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன். அவரும் வந்து அதையே சொன்னார்.

நானும் போகவில்லை என்றேன். அவள் விடவில்லை. மகனுக்குத் தைத்திருந்த சட்டையையும், அவனுக்குப் பிடித்த இறால் பொரியலான பலாச்சாங் டப்பாவையும் என் பையில் திணித்தாள்.

"நீ போனாத்தான் இது அவன் கைக்குப் போவும். நான் வரலன்னு இப்ப சொல்ல மாட்டேன், ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடப்பான். நாளைக்கு நேர்ல சொல்லு. எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு. உன்னாலதான்னு அவனுக்குத் தெரிய வேணாம்."

மறுநாள் பூங்கா வாசலில் ஒரே குளிர். அவள் மகன் தலை வாரி, புதுச் செருப்புப் போட்டு நின்றிருந்தான். வேனிலிருந்து நாங்கள் ஆறு பேர் இறங்கினோம். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் வேன் கதவையே பார்த்தான். டிரைவர் கதவைச் சாத்திய பிறகும் பார்த்தான்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். அவன் முகம் அப்படியே வெளிறிவிட்டது. எத்தனை நாளாக, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனான். கூப்பிடு தூரத்தில்கூட இல்லாத பிள்ளையிடம் இந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு எப்படி மனசு வந்ததோ. தாங்க முடியாமல் நடந்ததைச் சொல்லிவிட்டேன், என்னால்தான் என்று. திட்டுவான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லல்ல சித்தி? அது போதும்," என்றான்.

அம்மா தைத்த சட்டையை, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டான். தோள் பத்தவில்லை. நான்கு வருடத்துக்கு முந்தின அளவு. அம்மாவிடம் சரியாக இருந்தது என்று சொல்லச் சொன்னான். மலை உச்சி எப்படி இருந்தது என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு அவளுக்கு இன்னும் அமையவில்லை. வெள்ளிக்கிழமை பஜனையில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள், அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அவள் ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நெருங்கியவர்கள் மன்னித்துவிட்டால் அந்தப் பாரத்தை இறக்கி வைக்க இடமே கிடைப்பதில்லை.