ஆந்தைக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோ

என் அக்கா புருஷன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். மாலையும் கழுத்துமாக ஜோடிகள் வந்து நிற்கிற பெரிய ஸ்டூடியோ என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே எடுப்பதெல்லாம் பாஸ்போர்ட் சைஸ்தான். ஸ்டூலில் நேராக உட்கார வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், பல்லைக் காட்டக் கூடாது. வீட்டில் வாய் ஓயாத ஆட்கள்கூட அத்தான் முன்னால் உம்மென்று உட்காருவார்கள். அவர்கள் எழுந்த பிறகு அத்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தைச் சுத்தம் பண்ண ஆரம்பிப்பார். மரு, பரு, கருவளையம் எதுவும் அவர் கைக்குத் தப்பாது. கடைசியில் எல்லா முகமும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளபளவென்று வெளியே வரும்.

இந்தத் தொழிலில் அத்தானுக்கு ஒரே ஒரு மனக்குறை. அவர் எடுத்த படத்தை யாரும் ஆசையாகப் பார்த்ததே கிடையாது. கவரைப் பிரிப்பார்கள், "இதுவா நான்" என்று முகத்தைச் சுளிப்பார்கள், பர்ஸுக்குள் திணித்துக்கொண்டு போய்விடுவார்கள். தான் எடுத்த ஒரு படமாவது நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் தொங்க வேண்டும், போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அத்தானைக் கிண்டல் பண்ணுவது மச்சினியின் பிறப்புரிமை என்றாலும் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்கும் சேர்த்து இப்போது பேசுகிறேன்.

அத்தானுக்குச் சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தில் ஒரு பூங்கா, அதை ஒட்டிச் சின்னக் காடு. கேமராவையும் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் ஒரு பேக்கரி இருப்பதால் அக்கா என்னைக் காவலுக்கு அனுப்பினாள்.

காட்டில் அத்தான் படம் எடுத்த அழகைச் சொல்லி மாளாது. அணிலைப் பார்த்துத் தலையை நேராக வைக்கச் சொல்வார். பட்டாம்பூச்சியிடம் ஆடாமல் இருக்கச் சொல்வார். அது ஆடாமல் இருந்தால் அப்புறம் என்ன பட்டாம்பூச்சி? பறவைகள்தான் அவரை ரொம்பச் சோதித்தன. எந்தப் பறவையும் முழு முகத்தைக் காட்டவில்லை.

"எல்லாம் பக்கவாட்டுலயே நிக்குதுங்க. ஒத்தைக் கண்ணுதான் தெரியுது. இதைக் குடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். யார் திருப்பி அனுப்புவார்கள் என்று நான் கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பூங்காக் கமிட்டி ஓர் அறிவிப்பு ஒட்டியது. காட்டில் வசிக்கும் ஓர் உயிரின் படத்தை வாசல் பலகையில் பெரிதாக வைக்கப் போகிறார்கள்; யார் வேண்டுமானாலும் படம் கொடுக்கலாம். அத்தானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போட்டிக்கு ஒரு பல் டாக்டர் வேறு இருந்தார். அவருடைய லென்ஸ் என் கை நீளம். அதைத் தூக்கிக்கொண்டு அவர் எதிரே வரும்போதெல்லாம் அத்தான் தன் கேமராவை முதுகுப் பக்கம் மறைத்துக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் காட்டின் கடைசியில் ஒரு கிழட்டு மரப்பொந்தில் ஆந்தையைப் பார்த்தோம். முழு முகம். இரண்டு கண்ணும் நேர் பார்வை. சிரிப்பு என்பதே இல்லை. அத்தான் சிலையாகிவிட்டார்.

"பாஸ்போர்ட்டுக்குன்னே பொறந்த மூஞ்சி" என்று முணுமுணுத்தார். பிறகு, பழக்க தோஷம், "கொஞ்சம் தாடையை இறக்குங்க" என்றார். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அது இறக்கியது.

படத்தைக் கமிட்டியில் கொடுத்தார். கமிட்டிக்குத் தலைவி, பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற, பறவைப் பைத்தியமான ஒரு டீச்சர். படத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இந்தக் காட்டு ஆந்தைக்கு நெற்றி நிறைய வெள்ளைப் புள்ளி இருக்குமாம். இதற்கு ஒன்றுகூட இல்லையாம். ஆகவே இது இந்தப் பக்கமே யாரும் பார்த்திராத புது வகையாம். பலகையில் இந்தப் படம்தான், அதன் கீழே முதலில் கண்டவர் என்று அத்தானின் பெயர் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அத்தானுக்குத் தரையில் கால் பாவவில்லை. திரும்பி வரும்போது நேராக பேக்கரிக்குள் நுழைந்தார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இரண்டாவது கேக்கில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. "அத்தான், நாம பார்த்தப்ப அதுக்கு நெத்தியில புள்ளி இருந்துச்சே?" என்றேன்.

"அதுவா, பொடுகு மாதிரி அசிங்கமா இருந்துச்சு. எடுத்துட்டேன்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. கேக் பாதியில் நின்றது.

யாருக்கும் தெரியப் போவதில்லை, பலகை வந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்தார். ஆனால் விஷயம் காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. எங்கெங்கிருந்தோ பறவை பார்க்கிறவர்கள் வந்து குவிந்தார்கள். பொந்துக்குக் கீழே கேமரா முக்காலிகளும் மடக்கு நாற்காலிகளும் நிரம்பின. முதல் வரிசையில் பல் டாக்டர். தூரத்துக் கிளையிலிருந்து புள்ளி போட்ட ஆந்தை எட்டிப் பார்த்தால், "இது இல்லை, அது வரட்டும்" என்று காத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன்.

அத்தான் சிரிக்கவில்லை. பொந்துக்குள் குஞ்சு இருக்கிறது, இந்தக் கூட்டத்தைக் கண்டு தாய் பக்கத்தில் வரப் பயப்படுகிறது, குஞ்சு பசியில் கத்துகிறது என்று தோட்டக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். பலகைக்குச் சட்டம்கூடத் தயாராகி வாசலில் சாத்தி வைத்திருந்தது. போக வர அத்தான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் படத்துக்குக் கிடைத்த இடம் அது. அவரைப் பார்க்க அந்த நேரத்தில் நிஜமாகவே பாவமாக இருந்தது.

மறுநாள் அத்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் டீச்சர் முன்னால் நின்றார். "மேடம், இது புது ஆந்தை இல்ல. இங்க இருக்கிற அதே ஆந்தைதான். நான்தான் மூஞ்சியைச் சுத்தம் பண்ணிட்டேன்."

முதலில் சிரித்தது பல் டாக்டர். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. முக்காலியை மடக்கிக்கொண்டு எல்லோரையும் கிளம்பச் சொன்னார். வாசல் பலகையில் பல் டாக்டர் எடுத்த சூரியாஸ்தமனப் படம் ஏறியது. சூரியன் எப்போது இந்தக் காட்டுக்குக் குடிவந்தது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அத்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் கேமராவை மூலையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவர் எடுக்கிற படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காத அக்கா, அன்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தக் கேமராவை எடுத்தாள். சுத்தம் பண்ணாத படத்தைக் காட்டச் சொன்னாள். கலைந்த இறகும் நெற்றி நிறையப் புள்ளியுமாக ஆந்தை முறைத்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என் கன்னத்துல அம்மைத் தழும்பு இருக்கே, நம்ம வீட்டுல இருக்கிற ஒரு படத்துலயாவது அது இருக்குதாங்க?" என்று கேட்டாள்.

"உனக்குப் பிடிக்காதுன்னு நெனச்சேன்."

"நான் எப்பவாவது அப்படிச் சொன்னேனா?"

மறுநாள் காலை அக்கா ஸ்டூடியோவுக்குப் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். நேராக உட்கார் என்று அவர் சொல்லவில்லை, தாடையை இறக்கு என்றும் சொல்லவில்லை. கேமராவுக்குப் பின்னால் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னங்க, எடுக்கலயா?"

"இரு. இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

வெளியே இரண்டு பேர் பாஸ்போர்ட் போட்டோவுக்காகக் காத்திருந்தார்கள். இன்றைக்கு நேரமாகும் என்று சொல்லி அவர்களை அனுப்பி வைத்தேன்.