தபால்தலைக்காக வெட்டிய கடிதம்

என் மகன் வெளிநாட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனபோது அவனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கிருந்து வரும் கடிதமெல்லாம் என் பெயருக்குத்தான் வரும். பெஞ்சாதிக்கென்று தனியாகக் கடிதம் போடுவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. அம்மாவுக்கு எழுதி, கடைசியில் ‘அவளையும் கேட்டதாகச் சொல்’ என்று ஒரு வரி சேர்ப்பான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் உலை பொங்கிவிடும். அதனால் மருமகள்தான் உரக்கப் படிப்பாள். தன்னைப் பற்றிய வரி வந்ததும் அவள் குரல் இறங்கிவிடும்.

அவன் போன ஏழாம் மாதம் பேத்தி பிறந்தாள். சேதி போய் அவனிடமிருந்து பதில் வந்தது. மடித்து ஒட்டுகிற நீலத் தாள் அது. உறை தனியாகக் கிடையாது, தபால்தலையும் தாளிலேயே அச்சடித்திருக்கும். ‘என் மகள் பிறந்த சேதி கேட்டுச் சந்தோஷம். கண்ணு யார் மாதிரி, உன்னை மாதிரியா? காது குத்தும்போது போட்டோ அனுப்பு’ என்று எழுதியிருந்தான். ஒரு வாரம் அதைத் திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டிப் படித்தேன். மனப்பாடமே ஆகிவிட்டது.

அப்போது எங்கள் கோயில் பக்கத்துக் கான்வென்ட்டில் ஒரு சிஸ்டர் வெளிநாட்டுத் தபால்தலைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அதை விற்றுத் தர்ம காரியத்துக்கு அனுப்புவார்களாம். ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் எல்லாம் ஆளுக்கு நாலைந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுக்க ஒன்றுமில்லாத நான் பின்னாலேயே நின்று நழுவிவிடுவேன். இந்தக் கடிதம் வந்த பிறகு எனக்கும் ஒன்று இருந்தது. ‘ஸ்டாம்ப்போட பல்லு கெடாம, நல்லா ஓரம் விட்டு வெட்டணும்’ என்று சிஸ்டர் சொல்லியிருந்தபடி தாராளமாக ஓரம் விட்டு வெட்டினேன். அதற்குப் பின்பக்கம் அவன் எழுத்து இருந்தது தெரியாமலில்லை. மனதில் இருப்பது தாளில் எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

“உங்க மகன் அனுப்பினதாம்மா?” என்று சிஸ்டர் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு நான் நடந்த நடையே வேறு.

பிறகு கடிதங்கள் குறைந்து நின்றுபோயின. அவன் அங்கே இன்னொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான் என்று ஊர் சுற்றி எங்களுக்கும் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் எனக்கு ஒரு போன் வரும். மருமகள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து, பிள்ளையோடு என் வீட்டிலேயே இருந்தாள்.

பேத்திக்குப் பத்து வயது நடக்கும்போது, பள்ளியில் கூட வேலைபார்த்த டீச்சர் ஒருத்தி மருமகளிடம் ஒரு சேதி சொன்னாள். அந்த நாட்டில் பிள்ளைகளைக் கவனிக்காத தகப்பன்மாரைக் கவனிக்க வைப்பதற்கென்றே ஒரு சர்க்கார் ஆபீஸ் இருக்கிறதாம். இங்கிருந்தே கம்ப்யூட்டரில் மனுப் போடலாமாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் போய் மருமகள் மனுப் போட்டாள். கல்யாணச் சான்று, பிறப்புச் சான்று எல்லாவற்றையும் அனுப்பினாள். ஒவ்வொன்றையும் அனுப்ப அரை நாள் ஆகும். பாதியில் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“இது நம்ம டவுன் பஸ் மாதிரி டீச்சர். ஆள அதிகம் ஏத்துனா மேடு ஏறாது. படத்தைச் சின்னதாக்கித்தான் அனுப்பணும்” என்று கடைக்காரர் சொன்னாராம்.

ஒரு மாதம் கழித்து ஆபீஸ் பதில் போட்டது. மருமகள் அதை அச்செடுத்து வந்து அடுப்படியில் நின்று என்னிடம் சொன்னாள்.

“அத்தை, அவரு இது எம்புள்ளையே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காரு. நான் இங்க வந்த பெறகு பொறந்தது, எனக்குத் தெரியாதுங்கிறாரு.”

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

ரத்தம் சோதித்துப் பார்க்கலாமாம். அதற்கு அவனும் கை நீட்ட வேண்டும். அவன் நீட்டவில்லை. பிறப்புச் சான்றில் அப்பா பெயரைக் கொடுத்தது மருமகள்தான் என்பதால் அது போதாதாம். அவனே பிள்ளையை ஒத்துக்கொண்டு எழுதியது ஏதாவது வேண்டுமாம்.

“அந்த நீலக் கடுதாசி உங்ககிட்டத்தான இருக்கு?” என்றாள். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விரித்ததும் ‘என் மகள் பிறந்த’ என்பது இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. மிச்சம் ‘சேதி கேட்டுச் சந்தோஷம்’ என்றுதான் இருந்தது. யாருடைய கண், யாருக்குக் காது குத்து என்று அதைப் படித்து ஒருத்தரும் சொல்ல முடியாது.

“எலி கடிச்சிருச்சா அத்தை?”

“இல்ல தாயி. நாந்தான்” என்றேன். அவள் தாளை மடிப்பு மாறாமல் மடித்தாள்.

மறுநாளே கான்வென்ட்டுக்குப் போனேன். சிஸ்டர் தள்ளாமையில் இருந்தார். பத்து வருசத்துக்கு முந்தின தபால்தலை கிடைக்குமா என்று கேட்டேன். விவரமெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“ஒட்டுன ஸ்டாம்ப்தாம்மா அவங்க வாங்குவாங்க. தாள்ல அச்சடிச்சது செல்லாது. நீங்க முதல் தடவையா ஆசையா நீட்டுனீங்க. வேணாம்னு சொல்ல மனசு வரல. அப்பவே குப்பைல போட்டுட்டேன்.”

ஓட்டைக் கடிதத்தை அப்படியே ஸ்கேன் பண்ணி மருமகள் அனுப்பினாள். ஒரு திங்கட்கிழமை பதில் வந்தது. கடிதம் யார் கைக்கு வந்ததோ அவரே, அந்த இடம் எப்படிப் போனது, அதில் என்ன எழுதியிருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றார்கள்.

“நான் சொன்னாச் செல்லாதாம். நீங்கதான் எழுதணும் அத்தை. நாலே வரி போதும்.”

“கை நடுங்குதே தாயி” என்றேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டாள். கண்ணாடி சரியில்லை என்றேன். புதன்கிழமை தலைவலி என்றேன். வியாழக்கிழமை அவள் வருகிற நேரத்துக்குக் கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டேன். கையும் நடுங்கவில்லை, கண்ணாடியிலும் கோளாறு இல்லை. நான் எழுதினது அவன் கண்ணில் படும். அம்மாவே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டாள் என்று நினைப்பான். வருசத்துக்கு ஒருமுறை வருகிற அந்தப் போனும் நின்றுவிடும். அதுதான் என் பயம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, “வாரேன் அத்தை” என்று கிளம்பிவிட்டாள். நாலு நாளாக அவள் கேட்டபோது அசையாத எனக்கு, கேட்காமல் போனதும் உட்கார முடியவில்லை. பேத்தியின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். ‘என் மகன் “என் மகள் பிறந்த” என்று எழுதியிருந்தான். நான்தான் வெட்டினேன். இது சத்தியம்.’ கீழே கையெழுத்துப் போட்டேன்.

எடுத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே போக எனக்குக் கூச்சமாக இருந்தது. காவலுக்கு இருந்தவர் என்ன கேட்பாரோ, டீச்சர்மார் என்ன நினைப்பார்களோ என்று எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நின்றேன். சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன். ‘டீச்சரோட அத்தை வந்திருக்கேன், கூப்பிடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அந்த மரத்தடியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மணி அடித்ததும் என்னைப் பார்த்து வெளியே வந்த மருமகள் தாளைப் படித்துவிட்டு என் தோளைத் தொட்டாள். அரை நாள் லீவு சொன்னாள். கூட இருந்த டீச்சர் அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். பிரவுசிங் சென்டருக்குப் போனால் கரண்ட் இல்லை. அந்த வருசம் தினமும் மத்தியானமானால் அப்படித்தான் போகும்.

“வரட்டும் ஆத்தா, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் இன்னைக்குத்தான” என்று கடைக்காரர் எனக்கு ஸ்டூல் போட்டார்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது. ஸ்கேன் பண்ணினார். படம் பெரிசு என்றது, சின்னதாக்கினார். பாதி ஏறி நின்றது, மறுபடி ஏற்றினார். வெளியே நன்றாக இருட்டிய பிறகு, திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. மருமகள் இரண்டு தடவை படித்தாள்.

“என்ன தாயி?”

“நாள் முடிஞ்சிருச்சாம் அத்தை.”

“இப்பத்தான் ஏழேமுக்காலு?”

கடைக்காரர்தான் சொன்னார். “அவங்களுக்கு நமக்கு முந்தியே விடிஞ்சிரும் ஆத்தா. அங்க சனிக்கிழமை பொறந்துருச்சு. எனக்கும் தோணாமப் போச்சே.”

ஆபீஸில் எங்கள் ஃபைலை மூடிவிட்டார்கள். வேண்டுமானால் புதிதாக மனுப் போடலாம் என்று எழுதியிருந்தார்கள். “போடு தாயி, இந்தத் தடவை மொத நாளே எழுதித் தாரேன்” என்று நான் கெஞ்சினேன்.

“விடுங்க அத்தை. எம்புள்ள அவரு புள்ளதான்னு இன்னொருக்கா அந்த மனுசன்கிட்ட நிரூபிக்க என்னால ஏலாது.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேரம் கடந்து போனதால் நான் எழுதியதை அங்கே யாரும் படிக்கவில்லை. அவனுக்கும் தெரியாது. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் போன் வந்தது. அதற்கடுத்த வருசமும் வந்தது. எதை இழந்துவிடுவேனோ என்று பயந்தேனோ அது என்னிடமே இருக்கிறது. “அம்மா, நல்லாருக்கியா? சாப்டியா?” என்பான். பேத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டான். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கும் வாய் வராது.

பேத்தி அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பாள். யார் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்குக் காது மந்தம் என்பதால், நான் போனை எடுத்ததும் அவளே எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வருவாள்.