ஆயாக்கொட்டகை முன்னால் நின்ற டிராக்டர்

போன மாதம் ஈப்போவுக்கு வெளியே லகாட் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு காப்பிக் கடைக்கு மகள் கூட்டிப்போனாள். வாசலில் ஒரு பழைய டிராக்டர். நீலச் சாயம் பூசி, சீட்டில் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் குனிந்து இஞ்சினை முகர்ந்து பார்த்தேன்.

"அப்பா, ஆளுங்க பாக்குறாங்க லா" என்றாள்.

டீசல் வாசமே இல்லை. சோப்பு வாசம்தான் அடித்தது. இருந்தாலும் எனக்குச் சவரிமுத்துவின் ஞாபகம் வந்துவிட்டது.

தெலுக் இந்தானிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் மெக்கானிக். ஈப்போவில் ஒன்றரை வருடம் படித்து வாங்கிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்தேன். பக்கத்தில் முருகன் வெறும் காலண்டரில்தான் இருந்தார். அவருக்குச் சட்டம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சவரிமுத்து டிராக்டர் ஓட்டுநர். என் வயதுதான். காட்டில் வெட்டி முடித்த ரப்பர் பாலைத் தொட்டியில் ஏற்றிப் பால் ஸ்டோருக்குக் கொண்டுபோவது அவன் வேலை. பேச்சைவிட விசில்தான் அவனிடம் அதிகம் வரும். தெலுக் இந்தானில் பெண் பார்த்து முடிவாகி, மாதா கோவிலில் முதல் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தால் கல்யாணம்.

அந்த நேரம் பார்த்து டிராக்டருக்கு நோய் வந்தது. காலையில் நன்றாகக் கிளம்பும். காட்டிலிருந்து பாலோடு திரும்பும்போது இரண்டு தரம் இருமி, குலுங்கி, நின்றுவிடும். எங்கே என்கிறீர்கள்? தினமும் ஆயாக்கொட்டகைக்கு முன்னால். பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனம் என்ற பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். இதைச் சொல்லிவிட்டால் தோட்டத்துப் பேச்சு எந்தத் திசையில் போயிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"அது என்னா மிஷினோ, எடம் பாத்து நிக்குது லா" என்றார் கணக்கு எழுதும் கிராணி, ஆபீசில் எல்லாருக்கும் கேட்கும்படி.

பால் வெயிலில் நின்றால் உறைந்துவிடும். இரண்டு நாள் பால் அப்படிக் கெட்டதும், இன்னொரு தரம் நின்றால் வேறு ஆள் ஓட்டட்டும் என்று தோட்டத் துரை சொல்லிவிட்டார்.

நான் முதல் நாளே சொல்லிவிட்டேன், இஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நோசலில் கோளாறு என்று. டீசல் குழாயில் காற்றும் புகுந்திருந்தது. ஒவ்வொரு நாளும் ஸ்பேனரோடு சைக்கிளில் போவேன். டாங்கி மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பேன். பம்பின் திருகைத் தளர்த்தி, நுரை நுரையாக வரும் டீசல் தெளியும்வரை காற்றை எடுப்பேன். இஞ்சின் பிடித்துக்கொள்ளும். நான் பெருமையாகச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பேன். மறுநாள் அதே இடத்தில் மறுபடி நிற்கும். கடைசியில் நோசல்களைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி, ஈப்போவில் சுத்தம் செய்யப் பஸ்ஸில் கொண்டுபோனேன். பக்கத்து சீட்டுக்காரர் பையைப் பார்த்து, "கருவாடா தம்பி?" என்று கேட்டார்.

திரும்பி வந்து மாட்டினேன். புகை இல்லை, தட்டல் இல்லை. இஞ்சின் பாட்டுப் பாடியது.

அதற்குள் பேச்சு தெலுக் இந்தானுக்குப் போய்விட்டது. மறுநாளே சவரிக்கு முடிவான பெண்ணின் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, சின்னப் பேச்சு. "நானும் வாரேன்" என்று சொல்லி டிராக்டரின் ஒரு மட்கார்டில் உட்கார்ந்துகொண்டார். இன்னொன்றில் நான். சவரி அன்றைக்கு விசிலே அடிக்கவில்லை.

ஆயாக்கொட்டகை கண்ணில் பட்டது. டிராக்டர் இருமியது. குலுங்கியது. நின்றது.

"இங்கதானா?" என்றார் அண்ணன்.

"அண்ணே, சத்தியமா நான் நிறுத்தலண்ணே. என் காலப் பாருங்க, பிரேக்குமேலகூட இல்ல." சவரி இரண்டு காலையும் தூக்கிக் காட்டினான்.

பழக்க தோஷத்தில் டாங்கி மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று சத்தம் வந்தது. இடுப்பில் ஒரு குழந்தை பால்போத்தல் சப்பிக்கொண்டிருக்கத் தனம் வெளியே வந்து நின்றாள்.

"தெனமும் தொறக்கறப்போ இந்தச் சத்தம் வருதே, என்னாண்ணே அது?" என்று என்னைக் கேட்டாள்.

"அது ஒண்ணுமில்ல. காத்து."

"உள்ள போற காத்தா, வெளிய வர்ற காத்தா?"

ஈப்போவில் இந்தப் பாடம் நடத்தவே இல்லை. அவளே போத்தலை வாங்கிக் காட்டினாள். "இந்த மூடிய இறுக்கித் திருகிட்டா, புள்ள உறிஞ்ச உறிஞ்ச சப்புற ரப்பர் உள்ள ஒட்டிக்கும். பால் வராது. கொஞ்சம் லூஸ் பண்ணா புஸ்ஸுன்னு காத்து உள்ள போவும், பாலும் வந்துரும். அது மாதிரியா?"

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். காற்றுப்போகும் சின்ன ஓட்டையை மறைத்து, கச்சிதமாக வெட்டிய ஒரு ரப்பர் வளையம்.

"இத யாரு போட்டது?"

"நான்தான். நீதான மச்சான் சொன்ன, மழத்தண்ணி எறங்குது, நல்லா டைட்டா மூடுன்னு" என்றான் சவரி.

சொன்னது நான்தான். டிராக்டருக்கு நோய் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். காட்டிலிருந்து ஆயாக்கொட்டகை வருவதற்குள் டாங்கிக்குள் காற்றுப் போக வழி இல்லாமல், டீசல் இறங்க மறுத்திருக்கிறது. தினமும் அதைச் சரிசெய்தது என் ஸ்பேனர் இல்லை, நான் திறந்த மூடி. சவரியின் கத்தியால் ரப்பரில் ஓட்டை போட்டு, காற்றை எடுத்து, ஸ்டார்ட் செய்தேன்.

பால் ஸ்டோர்வரை டிராக்டர் எங்கும் நிற்கவில்லை. அண்ணன் இறங்கிச் சவரியின் தோளில் கை வைத்தார். "ஞாயித்துக்கெழம ரெண்டாவது ஓல. சட்டைய மாத்திட்டு வா." பிறகு என்னைப் பார்த்தார். "அந்தப் புள்ளய பட்டறையில வைங்க. நீங்க போத்தல் கழுவலாம்."

அதற்குப் பிறகு எனக்கு ஆயாக்கொட்டகையில் வேலை இல்லை. ஆனாலும் கதவுக் கீல், தண்ணீர்க் குழாய், தொட்டில் கொக்கி என்று தினமும் ஏதோ ஒன்று பழுதாகிக்கொண்டே இருந்தது. ஒருநாள் தனம் ஸ்பேனரை நீட்டி, "இத மறந்துட்டுப் போனீங்க" என்றாள். அந்த 'அண்ணே'யைக் காணோம். நான் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே பட்டறைக்குப் போனேன்.

எனக்கும் தனத்துக்கும் நடந்த கல்யாணத்தன்று டிராக்டர் வண்டியில்தான் ஊர்வலம். சவரி அதை ஆயாக்கொட்டகை முன்னால் கொண்டுவந்து இஞ்சினை அணைத்தான்.

"என்னா சவரி?"

"காத்து எடுக்கணும் மச்சான்" என்றான், ஒன்றும் தெரியாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு.

பிறகு ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். சவரி காம்பாருக்குப் போய் மாணவர்களுக்குப் பஸ் ஓட்டினான். போன வருடம் அவனைக் காம்பாரில் அடக்கம் செய்துவிட்டு நானும் தனமும் தோட்டத்துப் பக்கம் காரை விட்டோம். எல்லாம் ஒரே மாதிரி செம்பனை வரிசை. "இங்கதாங்க கொட்டகை" என்று அவள் இடப்பக்கம் காட்டினாள். எனக்கு அது இன்னும் தள்ளி, வலப்பக்கம் என்று பட்டது. எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனேன். செம்மண் முடிந்து தார் ரோடு வந்துவிட்டது.