உறவுமுறை என்ற கட்டம்

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், கோலாரில் ஒரு டயாலிசிஸ் நாற்காலியில் கிடக்கிறேன். இடது கையில் இரண்டு ஊசி. ரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் திரும்பி வரும். அந்தக் கையை மடக்கக்கூடாது, புரளக்கூடாது. காலை ரயிலில் பெங்களூர் போய்வந்த வேலை போய்விட்டது. எந்த ஊருக்குப் போனாலும் இரண்டு நாளில் திரும்பியாக வேண்டும். சுரங்கத்தில் வேலை பார்த்த என் அப்பா, ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் இரண்டு லெவலுக்கு நடுவில் நின்றுபோன கதையை அடிக்கடி சொல்வார். கத்தினாலும் பயனில்லையாம், மேலே இருப்பவர்கள் இழுக்கும்வரை இருட்டில் நிற்க வேண்டியதுதானாம். எனக்கு மேலே இருப்பது, உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் பெங்களூர்க் குழு. அதன் மேசையில் என் ஃபைலும் என் அண்ணன் ஃபைலும் சேர்ந்து கிடக்கின்றன. தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குத் தர அண்ணன் முன்வந்திருக்கிறான்.

அண்ணன் என்று நான் சொல்வது என் பெரியம்மா மகனை. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மைசூர் மைன்ஸ் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பெரியம்மா ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டு மாதா கோவிலுக்குப் போய்விட்டார். என் அம்மா பிறந்த புராட்டஸ்டண்ட் சபையிலேயே இருந்துவிட்டார். எனக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்ததும் சாப்பாடு, படிப்பு, படுக்கை எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அப்பா என்னைத் தன் சபைக்குக் கூட்டிப்போவார். திரும்பி வந்து பெரியம்மா வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை ஆரம்பித்துவிடும்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். இயேசுவுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா, இல்லையா?

வேதாகமத்தில் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று நான்கு பேரைச் சொல்லி, இவர்கள் அவர் சகோதரர்கள் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதற்கு மேல் என்ன பேச்சு என்பேன் நான். மாதாவுக்கு ஒரே பிள்ளைதான் என்று கோவிலில் படித்த அண்ணன் விடமாட்டான். சிலுவையருகே நின்ற இன்னொரு மரியாளை யாக்கோபுக்கும் யோசேக்கும் தாய் என்று அதே புத்தகம் சொல்கிறதே, அப்படியானால் அவர்கள் மாதாவின் பிள்ளைகள் எப்படி ஆவார்கள் என்பான். அந்த மரியாள் மாதாவுக்கு அக்காவோ தங்கையோ என்பது அவன் கட்சி. ஒரே வீட்டில் இரண்டு பெண்ணுக்கும் ஒரே பெயரா வைப்பார்கள் என்று நான் மடக்குவேன்.

"ஓரகத்தியா இருப்பாங்க. ஓரகத்திய நம்ம அக்கான்னுதானே கூப்புடறோம்? அவங்க புள்ளைங்க சகோதரருங்கதானே? இதுல இன்னா கஷ்டம் உனக்கு?"

எங்கள் போதகரிடம் கேட்டு வந்து ஒருமுறை அவன் வாயை அடைத்தேன். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் சித்தி, பெரியம்மா பிள்ளைகளுக்கென்று தனிச் சொல் இருக்கிறது. பவுல் ஒரு கடிதத்தில் அதை எழுதியும் இருக்கிறார். அது தெரிந்தும் ஏன் சகோதரர் என்றே எழுத வேண்டும்? அண்ணன் ஒரு வாரம் யோசித்துவிட்டு அடுத்த ஞாயிறு பதிலோடு வந்தான்.

"எழுதுனதுதான் கிரேக்கம். அவங்க வூட்ல பேசினது வேற பாஷ. அதுல தனி வார்த்த கெடயாது. நம்ம பாஷ மாதிரி."

நான் தோற்றதாக ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அதற்குக் காரணம் வேதமும் இல்லை, கிரேக்கமும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெரியம்மா என்னைக் காட்டி, "இவனுக்குக் கூடப்பொறந்தவ மாதிரிதான்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அந்த ‘மாதிரி’ எனக்கு முள். மாதிரி என்றால் இல்லை என்றுதானே அர்த்தம். சரி, இல்லை என்றால் இல்லை, ஒரே வயிற்றில் பிறந்தால்தான் சகோதரம் என்று ஞாயிறு தோறும் சாப்பாட்டுத் தட்டின் முன் நானே வீம்புக்கு வாதாடினேன். என்னை வளர்த்த வீட்டில், அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, முப்பது வருஷம் அதைச் சொன்னேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அண்ணனின் ரத்தம் எனக்குப் பொருந்தும் என்று தெரிந்த அன்று பெங்களூர் மருத்துவமனையில் அவன் படிவம் நிரப்பப் போனான். கவுண்டரில் இருந்தவர் கன்னடத்தில் கேட்டாராம், "ஸ்வந்த அண்ணனா?"

இவன் சந்தோஷமாக, "ஹவுது சார், சொந்தம்தான். சொந்தம் இல்லாமலா?" என்றானாம்.

கன்னடத்தில் ‘ஸ்வந்த’ என்றால் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தது. எங்களுக்குச் சொந்தம் என்றால் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய அத்தனை பேரும். இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிறவன் அந்த ஒரு சொல்லில் வழுக்கினான். உறவுமுறை என்ற கட்டத்தில் கூடப்பிறந்த அண்ணன் என்று ஏறிவிட்டது. கீழே இவன் கையெழுத்து.

கூடப்பிறந்தவர் கொடுத்தால் மருத்துவமனையே அனுமதித்துவிடும். பெரியம்மா மகன் என்றால் குழுவின் முன் போக வேண்டும். பாசத்தில்தான் தருகிறார், வேறெதற்காகவும் இல்லை என்று அவர்கள் நம்ப வேண்டும். எங்கள் ஆதார் அட்டைகளில் அப்பா பெயர் வேறு வேறாக இருந்ததைக் கண்டுபிடித்து, பொய் உறவு காட்டியிருக்கிறார்கள் என்ற சந்தேகக் குறிப்போடு ஃபைலைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விசாரணை நாளன்று ரயிலில் அண்ணன் ஆதார் நகல்களைப் புரட்டிக்கொண்டே வந்தான். எனக்கோ ஒரே பயம். என்னைப் பற்றிய பயம் கூட அடுத்ததுதான். கையெழுத்துப் போட்டவன் அவன். பொய்க் கையெழுத்து என்று அவன் மேல் கேஸ் போட்டுவிட்டால்?

தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். முதலில் என்னை. மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர், ஓரத்தில் ஒரு கேமரா. தமிழ் தெரிந்த ஒரு டாக்டரம்மா நேராகக் கேட்டார்.

"இவர் உங்களுக்குக் கூடப்பிறந்தவரா?"

"ஆமாம்."

"அப்பா பெயர் ஏன் வேறு?"

என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது. "என் அம்மாவுக்குத்தான் அவர் பிறந்தார். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லையென்று தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்" என்றேன். முப்பது வருஷம் யாருக்கு இடம் கொடுக்க மறுத்தேனோ, அவனை ஒரே நிமிஷத்தில் என் அம்மா வயிற்றில் பிறக்க வைத்தேன். சொல்லும்போது பொய் என்றே தோன்றவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அடுத்து அண்ணன் உள்ளே போனான். அரை மணி கழித்து என்னையும் மறுபடி கூப்பிட்டார்கள். அவன் முகம் வியர்த்திருந்தது. டாக்டரம்மா இரண்டு பேர் சொன்னதையும் வாசித்தார். அவன் சொன்னது இது: "பெரியம்மா புள்ள சார் நானு. கூடப்பொறந்தவன் கெடயாது. நான் சொன்னது கவுண்டர்ல இருந்தவருக்கு வேற மாதிரி புரிஞ்சிடுச்சி. சந்தேகமா இருந்தா என் தங்கச்சியையே கேளுங்க. சின்ன வயசிலேர்ந்து அவ அதத்தான் சொல்றா."

வாசித்து முடித்துவிட்டு, "யார் சொல்வது பொய்?" என்றார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை, ஆச்சரியம் மட்டும்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் மேடம்" என்றேன்.

அவனைப் போல நானும் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே காரியம் முடிந்திருக்கும். பாசத்தை நிரூபிக்கப் போன இடத்தில் என் பொய் அதைக் கெடுத்துவிட்டது. கேஸ் ஒன்றும் போடவில்லை. அந்த மட்டும் தப்பித்தான். தாலுகா ஆபீசில் வம்சவிருட்சம் வாங்கி வாருங்கள், இரண்டு குடும்பத்துக்கும் தனித்தனியாக வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். யார் யாருக்குப் பிறந்தார் என்று வரிசையாக எழுதிய தாள் அது.

திரும்பும் ரயிலில் அண்ணன் சொன்னான். "மத்தேயு எழுதுனது ஒரு வம்ச அட்டவண, லூக்கா எழுதுனது ஒண்ணு. யோசேப்புக்கு அப்பா பேரே ரெண்டுலயும் வேற வேற. இவங்ககிட்ட போயிருந்தா இயேசு ஃபைலும் திரும்பித்தான் வந்திருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "ஏன் பாப்பா அப்டி சொன்ன?"

"உன் மேல கேஸ் போட்டுடுவாங்கன்னு பயம்ணா."

"அதுக்கா?"

அதற்கு மட்டும் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பெட்டியில் கூட்டம், பக்கத்தில் தெரிந்த முகங்கள். சொல்லாமலே ஊர் வந்துவிட்டது.

வம்சவிருட்சம் இன்னும் கைக்கு வரவில்லை. அம்மாவின் இறப்புச் சான்றில் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். அதைத் திருத்த வேறொரு தாள் வேண்டும், அந்தத் தாளுக்கு இன்னொன்று. அண்ணன் எனக்காக இரண்டாம் ஷிப்டுக்கு மாறிக்கொண்டு, காலையில் என்னைக் கோலாருக்குக் கூட்டிவருகிறான்.

டயாலிசிஸ் அறை வாசலில் ஒரு நோட்டு இருக்கும். கூட வந்தவர் பெயரும் உறவும் எழுத வேண்டும். இத்தனை மாதமாக அதில் கன்னடத்தில் ‘அண்ணா’ என்று எழுதிக்கொண்டிருந்தான். போன வாரம் ஒருநாள் வரிசையில் ஆள் இருந்ததால் எனக்கு ஊசி போட்ட பிறகுதான் நோட்டை உள்ளே எடுத்துவந்து, என் பக்கத்தில் நின்றபடியே எழுதினான். எட்டிப் பார்த்தேன். ‘தொட்டம்மன மக’. பெரியம்மாவின் மகன்.

"இன்னாணா இது?"

"இனிமே எல்லா பேப்பர்லயும் ஒரே மாதிரி இருக்கணும் பாப்பா. எத எப்போ கேப்பாங்கன்னு தெரியாது."

அடித்துவிட்டுப் பழையபடி எழுது என்று சொல்ல வாய் வரை வந்தது. எப்படிச் சொல்வேன்? எழுத்தில் ஒரு பிழை இல்லை. முப்பது வருஷம் வாதாடி நான் கேட்டதைத்தான் எழுதியிருந்தான்.