வேலிக்குள் நின்ற சுமைதாங்கி

ஊர் வேலையளை மேற்பார்க்கிற ஓவசியருக்குப் பெருமை எண்டு ஆர் உனக்குச் சொன்னது, பிள்ளை? நெல்லியடிச் சந்தையடியிலை பூங்கா போட்டவரல்லோ, எங்களுக்கு யாவாரம் செய்யக் கொட்டிலும் போட்டுத் தந்த மனுசன். கதைக்கேக்கை கண்ணாடியைத் துடைச்சபடியே நிப்பார், அதிலை ஒரு தூசியும் இராது. ஊரின்ரை பழமையைக் காட்டவேணுமெண்டு, சுமைதாங்கிக் கல்லைச் சுற்றிக் கம்பிவேலி அடைச்சுக் குரோட்டனும் நட்டிட்டார்.

பருத்தித்துறையிலை இருந்து தலையிலை மீன் கடகத்தோடை நடந்து வந்து வேலிக்கு வெளியிலை நிண்டன்.

"வடிவாத்தான் இருக்கு ஐயா. இனித் தலைச்சுமையை நாங்கள் எங்கை இறக்கிறது?" எண்டன்.

அவருக்கு முகம் கறுத்துப் போச்சு. "நான் அதை யோசிக்கேல்லை அம்மா" எண்டு, மீன்தண்ணி வெள்ளைச் சட்டையிலை வடிய வடியக் கடகத்தைத் தானே இறக்கினார். எனக்கெல்லோ கூச்சமாப் போச்சு.

அண்டைக்கே வேலியைப் பிடுங்கிப் போட்டார். ஆனால் இப்பவும் என்னைக் கண்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் போறார். திருத்தின பிறகும் மனுசனுக்கு என்ன வெக்கமோ... பொறு பிள்ளை, சோறு அடிப்பிடிக்குது.