அங்காளம்மா வாங்கிய ஜடை

சென்னை அஸ்தினாபுரத்தில் அங்காளம்மாவைத் தெரியாதவர்கள் என்றால், மீன் சாப்பிடாதவர்கள்தான். அவர்களுக்கும் அவள் குரலைத் தெரியும். "சங்கரா கீது, காரப்பொடி கீது, வஞ்சிரம் மட்டும் கேக்காதீங்க" என்று தெருமுனையில் அவள் கூடையை இறக்கும்போதே நாலு வீட்டுக் கதவு திறக்கும். பேரத்தில் அவளை ஜெயித்த பெண்மணி அந்த வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. வீடு நீலாங்கரைக்குத் தெற்கே ஒரு குப்பத்தில். கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த அவள் கணவன் வடிவேலுவுக்கு, சுனாமிக்கு அடுத்த வருஷம் நாலு பேரோடு கூட்டாக ஒரு ஃபைபர் படகு கிடைத்தது. அவன் பிடித்து வருவதை இவள் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவாள். ஆட்டோக்காரன் மூக்கைச் சுளித்தால், "நீ இன்னா வூட்ல தயிர் சாதமா துன்ற?" என்பாள். அவன் சிரித்துவிடுவான்.

ஊரையே வாயால் மடக்கும் இந்தப் பொம்பளை ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அது பூ.

பூ பிடிக்காது என்று நினைத்துவிடக் கூடாது. உயிர். மீன் விற்று முடித்ததும் பம்பில் கூடையை அலசுவாள். திரும்பும் வழியில் நீலாங்கரை பஸ் நிறுத்தத்தில் பூ விற்கும் கன்னியம்மாவிடம் மல்லி வாங்குவாள். இலையில் சுற்றிய பூப் பொட்டலத்தை அந்த ஈரக் கூடைக்குள்ளேயே போட்டுக்கொண்டு குப்பத்துக்குத் திரும்புவாள். மகள் சத்யப்ரியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரோடுவரை ஓடி வந்து காத்திருப்பாள். கூடை தலையிலிருந்து இறங்குவதற்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். அப்புறம் திரும்பி உட்கார்ந்து பின்னலைக் காட்டுவாள். அங்காளம்மாவின் அன்றைய உழைப்பெல்லாம் அந்தப் பின்னலில்தான் போய் முடியும்.

சத்யப்ரியா எட்டாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகத் தலையிலிருந்த பூவைப் பிய்த்து மணலில் எறிந்தாள்.

"நீ தொட்ட பூவு எனக்கு வேணாம். மீன் கப்பு அடிக்குது. கிளாஸ்ல எல்லாம் மூக்கப் பொத்திக்கினு சிரிக்கிறாங்க."

அங்காளம்மா குனிந்தாள். பூவைப் பொறுக்கி எடுத்துத் தென்னை மரத்தடியில் போட்டாள். மறுநாள் கன்னியம்மாவிடம், "இனிமே பாப்பா ஸ்கூல் வுட்டு வரும்போது நீயே அது கைல குட்த்துடு. எங்கைல வேணாம்" என்றாள். அன்றோடு சரி. மகள் தலையை அவள் வாரவில்லை, பூ வைக்கவில்லை. கல்யாணத்தன்றுகூட அலங்காரத்துக்கு வந்த பியூட்டி பார்லர் பெண்தான் எல்லாம் செய்தாள். அங்காளம்மா கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தாள்.

ஒரு சின்னப் பெண் வாய் தவறிச் சொன்னதை இத்தனை வருஷம் கட்டிக்கொண்டு அழுவதா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவளிடம் அதைக் கேட்கிற தைரியம் யாருக்கும் இருக்கவில்லை.

சத்யப்ரியா பி.காம். முடித்து, காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வேலை பார்த்த இளமாறனும் அவளும் ஒரே மின்சார ரயிலில் போய் வந்து, விருப்பப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பையன் வீடு குரோம்பேட்டை. மீன், கறி, முட்டை எதுவும் வாசல்படி ஏறாத வீடு. இளமாறனின் அம்மா பட்டு நல்ல மனுஷி, "வாங்க சம்பந்தி" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். ஆனாலும் தான் போய்விட்டு வந்த பிறகு பட்டு ஊதுபத்தி ஏற்றி வைப்பாளோ என்று அங்காளம்மாவுக்கு ஒரு சந்தேகம். பார்த்ததில்லை, வெறும் சந்தேகம்தான்.

சத்யப்ரியா உண்டானாள். ஐந்தாம் மாசம் பூ முடிப்பு. முதல் பிள்ளைக்குத்தான் அதைச் செய்வார்கள். அம்மா வீட்டிலிருந்து பூ வர வேண்டும். அந்தப் பூவைப் பெற்றவள் தன் கையால் பெண்ணின் தலையில் வைத்த பிறகுதான் மற்ற சுமங்கலிகள் வைக்கலாம். பட்டுவே போன் செய்து சொன்னாள்:

"எங்க பக்கமும் அதேதான் சம்பந்தி. அம்மா வீட்டுப் பூதான் முதல்ல. நீங்க கொண்டுவந்து உங்க கையால வைங்க."

போனை வைத்த அங்காளம்மா அன்று பகல் முழுக்கக் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம்தான் பயம் பிடித்தது. அந்த வீட்டுக் கூடத்தில், அத்தனை பேர் நடுவில், தான் வைத்த பூவில் மீன் வாடை வந்தால்? மகள் மறுபடியும் பிய்த்து எறிந்தால்?

கூடையை நாத்தனாரிடம் ஒப்படைத்தாள். மீன் பக்கமே போகவில்லை. எலுமிச்சைத் தோல், சீயக்காய், மஞ்சள், வாசனை சோப்பு என்று கையில் போட்டுத் தேய்க்காத சாமான் கிடையாது. தேய்த்துவிட்டு முகர்ந்து பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள்.

"ஒண்ணுமே வரலடி" என்றான் வடிவேலு, அவள் நீட்டிய கையை முகர்ந்துவிட்டு.

"உனுக்கு இன்னா தெரியும்? நீயே மீனு" என்றாள்.

தோலைக் கழுவலாம், தோலுக்குள்ளே இருப்பதை எப்படிக் கழுவுவது? அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போதுதான் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் காஜா பாயின் பேன்சி ஸ்டோர் கண்ணில் பட்டது. வாசலில் மஞ்சள், ரோஜா, வெள்ளை என்று ரெடிமேட் பூ ஜடைகள் தொங்கின. மல்லி மொட்டுபோலவே துணியில் செய்து, நடுநடுவே ஜரிகை வைத்துத் தைத்தது.

"அசல் பூவு மாதிரியே கீதே" என்றாள்.

"ஆமாம்மா. எத்தினி வருசம் ஆனாலும் வாடாது."

"வாசன?"

"ஒரு வாசனையும் வராது."

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். காஜா பாய் ஜடையை இறக்கிக்கொண்டே, "இன்னா விசேசம்?" என்று கேட்டார். பெண்ணுக்குப் பூ முடிப்பு என்றதும் அவர் கை நின்றுவிட்டது.

"அப்ப நெஜப் பூவு வாங்கிகினு போம்மா. இது ஸ்கூல்ல டான்ஸ் ஆடுற பசங்களுக்கு. போட்டோ புடிக்க வாங்குவாங்க. மாசமா கீற பொண்ணுக்கு இது நல்லாருக்காது. என் யாவாரத்த நானே கெடுத்துக்கிறேன், பாரு."

"நீ பொட்டில போட்டு மூடிக் குடு பாய். நான் தொட மாட்டேன், நீயே எடுத்து வையி."

தொடாமல் எப்படித் தலையில் வைப்பாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அங்காளம்மா பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கினாள்.

பூ முடிப்பு அன்று குரோம்பேட்டை வீட்டுக் கூடம் நிறைய ஜனம். மணையில் சத்யப்ரியா உட்கார்ந்திருந்தாள். வாந்தி எடுத்து எடுத்து முகம் சுருங்கிப்போயிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது. அவள் தானாகவே திரும்பி உட்கார்ந்து, சின்ன வயசில் செய்ததைப் போலவே பின்னலைக் காட்டினாள். அங்காளம்மா கிட்டே போனாள். தட்டில் பழம், வளையல், இனிப்பு எல்லாம் வைத்து, நடுவில் அந்தப் பெட்டியைத் திறந்தாள்.

ஜடையின் ஜரிகை மின்னியது. பிறகு இளமாறனின் அத்தை ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, பிளாஸ்டிக் பூவா? முதல் பிள்ளைக்குப் பூ முடிக்கிறப்ப இதையா வைப்பாங்க?"

"துணிப் பூங்க" என்றாள் அங்காளம்மா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பட்டு சட்டென்று எழுந்தாள். "அதனால என்ன, நம்ம வீட்டுல வாங்கின பூ ஃப்ரிட்ஜ்ல இருக்கே. சம்பந்தி, இதையே எடுத்து வைங்க" என்று மல்லிச் சரத்தை நீட்டினாள். நல்ல எண்ணத்தோடுதான் நீட்டினாள். அங்காளம்மாவின் கை முந்தானைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. "நீங்களே வைங்க, நீங்களே வைங்க" என்று பின்னால் நகர்ந்தாள். நல்ல நேரம் போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். பட்டு வைத்தாள். அத்தை வைத்தாள். கூடத்திலிருந்த எல்லாப் பெண்களும் வைத்தார்கள்.

சாப்பாடு பரிமாறும் சந்தடியில் சத்யப்ரியா அம்மாவை உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏம்மா நீ மல்லி வாங்கினு வரல?"

"இது வாடாதுன்னு..." என்று இழுத்தாள் அங்காளம்மா.

"எனக்கு எதுவுமே ஒத்துக்கலம்மா. சாம்பார் கொதிச்சா வாந்தி, சாம்பிராணி போட்டா வாந்தி. ஒண்ணே ஒண்ணுதான் வேணும்னு இருந்திச்சு. நீ மீன் கூடைல போட்டு எடுத்துகினு வருவியே மல்லி, அந்த வாசன. பூவும் மீனும் ஈரமும் கலந்து ஒண்ணு வருமே, அது. இந்த வூட்ல அத வாய் வுட்டு கேக்க முடியுமா? பூ முடிப்புக்கு எப்படியும் நீ கொண்டாருவன்னு நாள எண்ணிகினு இருந்தேன்."

அங்காளம்மா மகளையே பார்த்தாள். "நீதான சொன்ன, எங்கைப் பூவு நாறுதுன்னு..."

"நானா? எப்பம்மா சொன்னேன்?"

நடிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. மணலில் எறிந்த பூவும், பொத்திய மூக்குகளும், ஒன்றும் அவளிடம் மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் அங்காளம்மா ஒருத்திதான் பத்திரமாக வைத்திருந்தாள்.

"ஒண்ணும் இல்ல, வுடு" என்றாள்.

சத்யப்ரியா அம்மாவின் கையை எடுத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிடித்து, முகத்தைப் புதைத்து, ஆழமாக மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். மெல்லக் கையை விட்டாள்.

"சோப்பு வாசனதாம்மா வருது" என்றாள்.

அங்காளம்மா அடுத்த வாரமே போனாள். கன்னியம்மாவிடம் மல்லி வாங்கி, வேண்டுமென்றே சங்கரா வைத்திருந்த கூடைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அதற்குள் மசக்கை விட்டிருந்தது. சத்யப்ரியா பூவை முகர்ந்து, "நல்லா கீதும்மா" என்று சிரித்தாள். அம்மாவின் மனசு நோகக் கூடாதென்று சிரித்த சிரிப்பு அது. எத்தனையோ பேரோடு பேரம் பேசியவளுக்கு முகம் பார்த்து அதைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? இன்னொரு பூ முடிப்புக்கும் வழியில்லை, இரண்டாவது பிள்ளைக்கு அது கிடையாது.

துணி ஜடை இப்போது குப்பத்து வீட்டில் ஆணியில் தொங்குகிறது. தூக்கிப் போடச் சொல்லி வடிவேலு பலமுறை சொல்லிவிட்டான். மகள் தலைக்கென்று வாங்கியதைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. நிஜப் பூவாக இருந்திருந்தால் மறுநாளே வாடியிருக்கும், தென்னை மரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டிருப்பாள். இது அப்படியே இருக்கிறது. மீன் விற்றுவிட்டு வந்ததும், கை கழுவுவதற்கு முன்னால், அங்காளம்மா அதன்மேல் படிந்த தூசியைத் தட்டிவிடுகிறாள்.